சின்னக் கால், குறைந்த எடை: ஸ்கீ டூரிங் பூட்டும் பைண்டிங்கும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

#1 பெரம்பூர் நிலா | மே 4

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் ஐ.சி.எஃப். பக்கம் குடியிருக்கிறேன். 2019ல் குல்மார்கில் உள்ள இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தேன். அதற்கப்புறம் மூன்று குளிர்காலம் போய்வந்திருக்கிறேன். போன ஜனவரியில் மகளையும் கூட்டிப் போனோம். ஒன்பது வயது. முதல் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் சரிவின் அடிவாரத்தில் நின்றுகொண்டு "இன்னொரு வாட்டிம்மா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வருகிற பிப்ரவரியில் அவளோடு டூரிங் போக ஆசை. அதாவது லிஃப்டில் ஏறாமல், ஸ்கீயின் அடியில் ஸ்கின் (பின்னால் வழுக்காமல் ஏற உதவும் பட்டை) ஒட்டிக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்து ஏறுவது, மேலே போனதும் ஸ்கின்னை உரித்துவிட்டுக் குதிகாலைப் பூட்டி இறங்குவது. பெரிய மலை எதுவும் இல்லை. காட்டோரமாக ஒரு மணி நேரம் ஏறினால் போதும்.

கால் அளவுதான் பிரச்சினை. எனக்குச் செருப்புக் கடையில் 3ம் நம்பர். எடை 46 கிலோ. போன முறை வாடகைக் கடை ஒன்றில் 24.5 பூட்டைக் கொடுத்து "இதைவிடச் சின்னது இல்லை, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். குதிகால் உள்ளே மேலும் கீழும் ஆடியது. மூன்றாம் நாள் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. மீதி நாட்கள் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்கு 24 கிலோ. பள்ளி ஷூ 1ம் நம்பர். என் அண்ணன் மியூனிக்கில் இருக்கிறார். அங்கே ஒரு பழைய பொருள் சந்தையில் பெண்களுக்கான டூரிங் பூட் 22.5 அளவில் கிடைத்ததாம், பின் (pin, அதாவது ஊசி) பைண்டிங்குக்கான துளைகளோடு (பைண்டிங் என்பது பூட்டை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் கருவி). மகளுக்கு வாங்கிவிட்டார். இப்போது பெரிதாக இருந்தாலும் சாக்ஸ் போட்டு இரண்டு வருஷம் ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. எனக்கு 23.5 புதிதாக வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இருவருக்கும் பின் பைண்டிங் போட்டுவிடலாமா? இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

#2 வியாசர்பாடி மைதானம் | மே 4

அக்கா, எனக்குப் பனி தெரியாது. பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். கால் தெரியும். அதனால் இதை மட்டும் சொல்கிறேன்.

"வளர்ற பிள்ளைதானே" என்று இரண்டு நம்பர் பெரிதாக பூட் வாங்கி, முனையில் துணியை அடைத்து அனுப்புகிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. காசு இல்லாத கஷ்டம்தான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஓடும்போது விரல்களை மடக்கி பூட்டைப் பிடித்துக்கொண்டே ஓடும். பந்து மேல் கவனம் போகாது. சீக்கிரம் களைத்துவிடும், குதிகாலில் கொப்புளம் வரும். பையனுக்கு ஆட்டம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் பூட் பொருந்தியிருக்காது.

உங்களுடையது பிளாஸ்டிக் பூட். அதில் இன்னும் மோசமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் கடை நம்பரை மறந்துவிடுங்கள். சுவரை ஒட்டி ஒரு காகிதத்தைத் தரையில் போடுங்கள். குதிகால் சுவரைத் தொடும்படி நின்று, எடை முழுவதும் அந்தக் காலில் இருக்கும்போது, நீளமான விரலின் முனையில் கோடு போடுங்கள். பென்சில் செங்குத்தாக இருக்கட்டும். இரண்டு காலையும் அளக்கணும். அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் அளந்தால் நல்லது. நம்ம ஊர் மே மாத வெயிலில் சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிடும்.

#3 ஆல்ப்ஸ் ஓரம் | மே 5

தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கிரெனோபிளில் இருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளையும் ஏழெட்டு வயதிலிருந்து டூரிங் கூட்டிப் போகிறேன். மைதானம் தம்பி சொன்னது அப்படியே சரி. நிலா, அந்த அளவு வந்ததும் இங்கே போடுங்கள்.

ஸ்கீ பூட்டின் நம்பர் மாண்டோபாயிண்ட். அது உண்மையில் நம்பரே இல்லை, காலின் நீளம், செ.மீ.யில். 22.5 என்றால் 22.5 செ.மீ. காலுக்கு. உங்களுக்கு 3ம் நம்பர் என்றால் கால் ஏறக்குறைய 22 செ.மீ. இருக்கும். 24.5 கொடுத்தது மிகப் பெரிய தவறு. 23.5ம் வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் ஒவ்வொரு அரை அளவுக்கும் தனியாக ஷெல் (வெளி பிளாஸ்டிக் ஓடு) வார்ப்பதில்லை. இரண்டு அரை அளவுகளுக்கு ஒரே ஷெல், உள்ளே லைனரும் (மெத்தென்ற உள் உறை) அடித்தட்டும் மட்டும் மாறும். எந்த அளவில் ஷெல் மாறுகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால் பெட்டியில் உள்ள எண்ணை நம்பாமல், குதிகால் பக்கம் மி.மீ.யில் பொறித்திருக்கும் அடிநீளத்தைப் பாருங்கள். இரண்டு அளவுக்கும் அடிநீளம் ஒன்றே என்றால் ஷெல்லும் ஒன்றே.

இனி மகள் விஷயம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பின் பைண்டிங்கை 1980களில் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்தெல் கண்டுபிடித்தார். பூட்டின் முனையில் இரு பக்கமும் உலோகக் குழி, அதில் இரண்டு ஊசி கவ்விக்கொள்ளும். பின்னால் இரண்டு கம்பி. எடை மிகக் குறைவு. அதனால்தான் டூரிங் என்றாலே எல்லோரும் அதைத் தேடுகிறார்கள். எடை வந்த பெரியவர்களுக்கு நானும் அதையே சொல்வேன்.

ஆனால் விழும்போது பைண்டிங் காலை விடுவிக்க வேண்டும். எவ்வளவு விசையில் விடுவிக்கும் என்பதை ஒரு எண்ணாக வைத்திருக்கிறார்கள், டின் என்று சொல்வோம். எடை, உயரம், வயது, அடிநீளம், எப்படி ஸ்கீ செய்கிறார் என்பதையெல்லாம் வைத்து அட்டவணையில் பார்த்து அந்த எண்ணை வைப்பார்கள். 24 கிலோ குழந்தைக்கு அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வரும். வழக்கமான பின் பைண்டிங்குகள் 4 அல்லது 5ல்தான் ஆரம்பிக்கின்றன. டைனாஃபிட் ஸ்பீட் டர்ன் 4 முதல் 10. மார்க்கர் கிங்பின் 10 என்பது 5 முதல் 10. உங்கள் மகள் முழங்காலைத் திருகிக்கொண்டு விழுந்தாலும் அது விடாது. ஸ்கீ ஒரு நீளமான நெம்புகோல். விடாவிட்டால் திருகல் முழுக்க முழங்காலுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் போகும்.

அதனால் அவளுக்குப் பின் பைண்டிங் வேண்டாம். இன்றைக்கு இதை மட்டுமாவது முடிவு செய்துவிடுங்கள்.

#4 மின்ட் ரமணி | மே 5

ஆல்ப்ஸ் அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். என் மகனுக்குப் பின் பைண்டிங்தான் போட்டேன். அவன் அதில்தான் டூரிங்கையே ரசிக்கிறான். அடாப்டர் (சாதாரண பைண்டிங்குக்குள் மாட்டி நடக்கிற தட்டு), ஃபிரேம் பைண்டிங் (ஏறும்போது குதிகாலோடு சட்டமே மேலெழும் வகை) எல்லாம் இரும்புக் குண்டு மாதிரி. மார்க்கர் டூர் எஃப்10 மாதிரி ஃபிரேம் பைண்டிங் ஒரு காலுக்கே கிட்டத்தட்ட ஒரு கிலோ. பின் பைண்டிங் அதில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்த எடையைத் தூக்க வேண்டியது குழந்தைதான். அரை மணியில் உட்கார்ந்துவிடும், அடுத்த வருஷம் வரமாட்டேன் என்று சொல்லிவிடும். பயமுறுத்திப் பயமுறுத்திப் பிள்ளைகளை மலையிலிருந்து விரட்டிவிடக் கூடாது.

#5 ஆல்ப்ஸ் ஓரம் | மே 5

ரமணி, உங்கள் மகனுக்கு என்ன வயது, எத்தனை கிலோ?

#6 மின்ட் ரமணி | மே 5

பன்னிரண்டு முடிந்தது. 43 கிலோ.

#7 ஆல்ப்ஸ் ஓரம் | மே 6

அப்படியானால் நாம் இருவரும் சொல்வது அவரவர் இடத்தில் சரி. 43 கிலோவில், பழகிய பையனுக்கு அட்டவணை எண் 3ஐத் தாண்டி வரும். தாழ்வாக ஆரம்பிக்கிற பின் பைண்டிங்கைத் தேடிப் போட்டால் பொருந்தும். 24 கிலோவுக்கு அப்படி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

எடை பற்றி நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். என் பெரியவளும் ஏழு வயதில் அந்த எடையைச் சுமந்துதான் ஏறினாள். ஏறும் தூரத்தைக் குறைத்தேன். வழியில் மூன்று இடத்தில் நின்று சூடான பால் கொடுத்தேன். தூரத்தைக் குறைக்கலாம். அவள் முழங்காலை வைத்துப் பரிசோதனை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நிலா, மகளுக்கு நான் சொல்கிற ஏற்பாடு இது. சாதாரணக் குழந்தைகள் ஸ்கீ, அதில் சாதாரணக் குழந்தைகள் பைண்டிங். 0.75 முதல் 4.5 வரை உள்ள ஜூனியர் பைண்டிங் எளிதாகக் கிடைக்கும். காலில் சாதாரணக் குழந்தைகள் ஆல்பைன் பூட், மேல் பக்கிளைத் திறந்துவிட்டு நடக்கலாம். குழந்தைகள் பூட் மென்மையானது, கணுக்கால் நன்றாகவே மடங்கும். ஏறுவதற்கு மட்டும் அடாப்டர். கான்டூர் ஸ்டார்ட்அப் என்று குழந்தைகளுக்கென்றே ஒன்று இருக்கிறது. ஒரு கீல் வைத்த தட்டு, பைண்டிங்குக்குள் உட்காரும், பூட் அதன்மேல் நிற்கும், குதிகால் மேலே எழும். மேலே போனதும் அதைக் கழற்றி உங்கள் பையில் போட்டுவிட்டு, பூட்டை நேராக பைண்டிங்கில் மிதித்து ஏற்ற வேண்டும். இறங்கும்போது அவள் நிற்பது சரியான எண்ணில் வைத்த முழுமையான குழந்தைகள் பைண்டிங்கில்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அடாப்டரில் நிற்கும்போது கால் உயரமாக இருக்கும், குறுக்குச் சரிவில் பக்கவாட்டில் ஆடும். அந்த இடங்களில் நீங்கள் கீழ்ப் பக்கம் நடந்து வர வேண்டும். அடாப்டரின் நீளத்தைப் பூட்டின் அடிநீளத்துக்குச் சரிசெய்து வீட்டிலேயே இருபது முறை மாட்டிக் கழற்றிப் பழகிவிடுங்கள். பனியில் கையுறையோடு முதல் தடவை செய்தால் குழந்தைக்குக் குளிர் ஏறிவிடும். மாட்டியதும் பூட்டை இழுத்து, முறுக்கிப் பாருங்கள்.

ஸ்கின்னுக்குத் தனியாகச் செலவு வேண்டாம். பெரியவர்களின் பழைய ஸ்கின்னை நீளத்திலும் அகலத்திலும் வெட்டினால் போதும். இரண்டு ஓரத்திலும் எஃகு விளிம்பு தெரியும்படி விட்டு வெட்டுங்கள். விளிம்பை மூடினால் கெட்டிப் பனியில் பிடிப்பு இருக்காது.

#8 பெரம்பூர் நிலா | மே 8

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அளந்தேன்.

எனக்கு இடது 22.3, வலது 22.1. முன்பாத அகலம் 9.6 செ.மீ. மகளுக்கு இரண்டுமே 20.6, அகலம் 8.4.

இத்தனை வருஷமாக என் கால் 23க்கு மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அளக்கச் சொன்னதில்லை. அண்ணன் வாங்கிய 22.5 பூட் அடுத்த வாரம் அவருடைய நண்பர் வழியாக வருகிறது. ஒரு சந்தேகம். அது மகளுக்கு வேண்டாம் என்றால், எனக்கு ஆகுமா? என் காலுக்கு அது இறுக்கம் ஆகிவிடாதா?

#9 பெரியமேடு தோல் பட்டறை | மே 8

அம்மா, நான் முப்பது வருஷமாக ஷூ பேட்டர்ன் வெட்டுகிறவன். ஏற்றுமதி ஆர்டருக்கு மலையேற்ற பூட்டும் செய்திருக்கிறோம். ஸ்கீ பூட் நான் தைத்ததில்லை. ஆனால் பூட் எதுவானாலும் பார்க்கிற முறை ஒன்றுதான். உள் லைனரை வெளியே எடுத்துவிடுங்கள். வெறும் ஷெல்லுக்குள் மெல்லிய சாக்ஸோடு காலை வையுங்கள். விரல்கள் முன்சுவரைத் தொடும்வரை முன்னால் தள்ளுங்கள். இப்போது குதிகாலுக்கும் பின்சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு மரக் கோலையோ விரலையோ விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு விரலுக்கு மேல், இரண்டு விரலுக்குக் குறைவாக இருந்தால் சரி. இரண்டு விரல் தாராளமாகப் போனால் பூட் பெரிது.

நம்ம ஊர்க் காலுக்கு ஒரு வழக்கம் உண்டு. சின்ன வயதிலிருந்து செருப்பும் வெறுங்காலுமாக நடந்தவர்களுக்கு முன்பாதம் விரிந்து, குதிகால் ஒல்லியாக இருக்கும். ஐரோப்பிய லாஸ்டில் (கால் வடிவ அச்சில்) செய்த பூட் முன்னால் பிடிக்கும், பின்னால் ஆடும். முன்னால் வலிக்கிறதே என்று பெரிய அளவுக்குப் போவார்கள். அப்போது பின்னால் இன்னும் ஆடும். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிசெய்ய முடியாது. நீளத்தைச் சரியாக எடுத்துக்கொண்டு, அகலத்தை வேலை செய்து திறக்க வேண்டும்.

#10 ஆல்ப்ஸ் ஓரம் | மே 9

ஐயா சொன்னதைக் கையெடுத்துக் கும்பிட்டு ஏற்றுக்கொள்கிறேன். ஸ்கீ பூட்டில் அந்த வேலைக்கு பஞ்ச் என்று பெயர். ஷெல்லைச் சூடாக்கி உள்ளிருந்து தள்ளி அந்த இடத்தை மட்டும் வீங்க வைப்பார்கள். லைனரையும் சூடாக்கிக் காலுக்கு ஏற்றபடி உட்கார வைக்கலாம். மியூனிக்கில் பூட் பொருத்தித் தருகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. கால் இல்லாமல் செய்ய முடியாது என்பதுதான் தடை. வலிக்கிற இடத்தை ஷெல்லின்மேல் பேனாவால் குறித்து அனுப்பினால் ஓரளவு செய்துதருவார்கள்.

#11 காலடிப்பேட்டை முதல் கால்கரி வரை | மே 10

நிலா, எனக்கும் 22.0 கால். அதனால் இந்தப் பேச்சைக் கண்டதும் உட்கார்ந்து எழுதுகிறேன். கனடாவில் ஒன்பது வருஷமாக டூரிங் போகிறேன்.

பெண்கள் டூரிங் பூட்டுகள் பெரும்பாலும் 22 அல்லது 22.5ல் ஆரம்பிக்கின்றன. ஸ்கார்பா கேயா, அட்டாமிக் பேக்லேண்ட் பெண்கள் வகை, டைனாஃபிட்டின் பெண்கள் வகைகள் எல்லாம் அந்த இடத்தில்தான் தொடங்கும். அதற்குக் கீழே வயதுவந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கடைகளும் மிகச் சிறிய அளவில் ஒரு ஜோடி வரவழைத்தாலே அதிகம். பருவம் தொடங்குகிற அக்டோபரில் அது போய்விடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். சின்னக் கால் உள்ளவர்கள் பிடித்ததைத் தேடக் கூடாது, கிடைக்கிற இரண்டு மூன்றையும் ஷெல்லில் கால் வைத்துப் பார்த்து எது பொருந்துகிறதோ அதை எடுக்க வேண்டும். கேயா அகலமானது, பேக்லேண்ட் ஒல்லியானது. 9.6 அகலத்துக்கு முதலில் கேயா மாதிரியானதைப் போட்டுப் பாருங்கள்.

நீளத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடத் தொல்லை கொடுத்தது கெண்டைக்கால். குள்ளமானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, கெண்டைச் சதை கீழே இறங்கி இருக்கும். உயரமான பூட் அந்தச் சதையின் நடுவில் போய்க் கவ்வும். பக்கிளை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று விரல் மரத்துப்போகும். தளர்த்தினால் முன்னெலும்பு பூட்டில் மோதி மோதிக் கன்றிவிடும். நான் குதிகாலுக்கு அடியில் 5 மி.மீ. தக்கை வைத்துக் காலைக் கொஞ்சம் தூக்கினேன், மேல் பக்கிளின் கொக்கியை வெளித் துளைக்கு மாற்றிப் போட்டேன். அன்றிலிருந்து வலி இல்லை. உங்கள் முன்னெலும்பு கன்றியதா, சொல்லவில்லையே?

இன்னொன்று, உங்கள் பைண்டிங். மகளுக்குச் சொன்ன அதே கணக்கு உங்களுக்கும் உண்டு. 46 கிலோ என்றால் உங்கள் எண் ஏறத்தாழ 3லிருந்து 4க்குள் இருக்கும். சின்னப் பூட்டுக்கு நீளம் குறைவு. அதே திருகலுக்கு முனையில் அதிக விசை தேவை. அதனால் அட்டவணையில் அதே எடைக்கு நீளமான பூட்டைவிட எண் கொஞ்சம் கூடும். அது உங்களுக்கு அனுகூலம். ஆனாலும் 5ல் ஆரம்பிக்கிற பைண்டிங்கை யாராவது தலையில் கட்டினால் வாங்காதீர்கள். கடைகளில் எடை குறைந்த பெண்களிடம் இதைக் கேட்பதே இல்லை.

#12 எண்ணூர் உப்புக்காற்று | மே 10

பழைய பூட் என்பதால் குறுக்கிடுகிறேன். நான் பாலிமர் துறையில் வேலை செய்கிறவன். நிலா, அந்த ஷெல் என்ன பிளாஸ்டிக், எந்த வருஷம் வார்த்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஷெல்லின் உள்ளே அல்லது அடியில் கடிகாரம் மாதிரி ஒரு வட்ட அச்சு இருக்கும். நடுவில் வருஷம், சுற்றிலும் மாதம், அம்புக்குறி ஒன்று.

ஆல்பைன் பூட்டுகள் பலதும் பாலியூரித்தேன். காற்றின் ஈரம் மெல்ல மெல்ல அதன் சங்கிலியை வெட்டும். ஹைட்ராலிசிஸ் என்போம். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரு நாள் குளிரில் மிதித்ததும் துண்டு துண்டாக உடையும். பெட்டியில் பத்து வருஷம் சும்மா கிடந்த பூட்டுக்கும் இது நடக்கும். டூரிங் பூட்டுகளில் அதிகம் வருவது கிரிலமிட் எனும் நைலான் 12 வகை, அல்லது பெபாக்ஸ். இவை ஈரத்தை நன்றாகத் தாங்கும். அடியில் பெயர் பொறித்திருக்கும், பாருங்கள்.

வட சென்னையில் வைத்துக்கொள்வதே ஒரு வேலை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை காற்றில் ஈரமும் உப்பும். பரண் வேண்டாம், மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே அடுப்புதான். ஸ்கின்னின் பசை அந்தச் சூட்டில் இளகி, சுருட்டும்போது பசைப் பக்கத்தில் வைக்கிற வலைத்துணியோடு ஒட்டிக்கொண்டு வராது. வலையில் வைத்துச் சுருட்டி, காற்றுப் போகாத பையில் போட்டு, ஃபிரிட்ஜின் காய்கறி அடுக்கில் வையுங்கள். நான் ஆய்வுக்கூடத்துப் பசை மாதிரிகளை அப்படித்தான் வைக்கிறேன். பூட்டை நன்றாகக் காயவைத்து, பக்கிளை லேசாகப் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். ஸ்கீயின் எஃகு விளிம்பு ஒரே மழைக்காலத்தில் துரு பிடிக்கும். அடிப்பக்கத்திலும் விளிம்பிலும் தடிமனாக மெழுகு தேய்த்து, சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

#13 பெரம்பூர் நிலா | மே 19

பூட் வந்துவிட்டது. அடியில் கிரிலமிட் என்று இருக்கிறது. வட்ட அச்சில் 2018. அடிநீளம் 257.

பெரியமேடு ஐயா சொன்னபடி லைனரை எடுத்துவிட்டு மகளின் காலை வைத்தோம். பின்னால் என் மூன்று விரல் போனது. அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். உள்ளே கால் சுழன்றது. இதைப் போட்டுக்கொண்டு அவள் இறங்கியிருப்பாள் என்று நினைத்ததும் பயமாக இருந்தது. போன முறை நான் பட்டதை அவளுக்கும் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் என் காலை வைத்தேன். ஒரு விரலும் கொஞ்சமும். மரக்கோலால் அளந்தால் 14 மி.மீ. லைனரோடு போட்டு, மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். குதிகால் அசையவில்லை. வலது சுண்டுவிரல் பக்கம் மட்டும் அழுத்துகிறது. கால்கரி அக்கா, முன்னெலும்பு கன்றியது உண்மைதான். அதற்குப் பூட்டின் உயரம் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தக்கையை இன்றே வெட்டினேன்.

#14 காலடிப்பேட்டை முதல் கால்கரி வரை | மே 19

படித்ததும் கண் கலங்கிவிட்டது. உங்களுக்கு அந்த பூட்தான். 23.5க்கு வைத்திருந்த காசை நல்ல பைண்டிங்குக்குப் போடுங்கள். 4ல் ஆரம்பிப்பதைவிடத் தாழ்வாக ஆரம்பிப்பது கிடைத்தால் அதை. அட்டவணையைக் கடைக்காரரிடமே போட்டுப் பார்க்கச் சொல்லி, எழுதி வாங்கச் சொல்லுங்கள் அண்ணனிடம். பூட்டை இங்கே வைத்துக்கொண்டு பைண்டிங்கை அங்கே பொருத்த முடியாது, அதையும் யோசியுங்கள்.

#15 ஆல்ப்ஸ் ஓரம் | மே 20

அதற்கு வழி இருக்கிறது. பின்பக்கத் துண்டு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகர்கிற பைண்டிங் வாங்கினால், 257 என்று சொல்லி நடுவில் பொருத்தச் சொல்லலாம். மீதியைப் பூட்டை வைத்து நீங்களே நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் விடுவிப்பு எண்ணைச் சோதிப்பதற்குப் பூட் கூட இருந்தே ஆக வேண்டும். அண்ணனின் நண்பர் திரும்பிப் போகும்போது பூட்டைக் கொடுத்தனுப்புங்கள். சுண்டுவிரல் பக்கத்தையும் குறித்தே அனுப்புங்கள். கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் சரியாக முடியும்.

மகளுக்கு இப்போது எதுவும் வாங்காதீர்கள். இந்த வயதில் கால் வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. வளரும். பிப்ரவரியில் 21ஐத் தாண்டியிருக்கலாம். டிசம்பரில் அளந்து அதற்கேற்ற பூட் எடுங்கள். அவள் ஷெல்லில் ஒன்றரை விரல் வரை விடலாம், அதற்குமேல் வேண்டாம். ஆல்ப்ஸ் பக்கத்துக் கடைகளில் குழந்தைகள் ஸ்கீ, பூட் எல்லாம் பருவம் முழுவதற்கும் வாடகைக்குக் கொடுப்பார்கள். அண்ணன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருவதானால் கொண்டுவந்து, ஏப்ரலில் திருப்பிக் கொடுத்துவிடலாம். சொந்தமாக வாங்க வேண்டியது அடாப்டர் மட்டும். அது வளர வளரக் கூடவே வரும்.

இன்னொன்று, பொருளைப் பற்றியது இல்லை. குல்மார்கில் கண்டோலாவின் (கேபிள் கார்) இரண்டாம் கட்டம் போய் நிற்கிற அபர்வாத் மலைப்பகுதி 3,900 மீட்டருக்கு மேல். அந்தப் பக்கச் சரிவுகள் பனிச்சரிவுக்குப் பேர்போனவை. 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர் அங்கே பனிச்சரிவில் உயிரிழந்தார். குழந்தையோடு 30 டிகிரிக்குக் குறைந்த சரிவிலேயே இருங்கள். மேலே செங்குத்தான சரிவு தொங்குகிற இடத்துக்கு அடியிலும் போகாதீர்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அவசியம் கூட்டிக்கொள்ளுங்கள். டிரான்ஸீவர் (பனிக்குள் புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவி) இருவர் உடம்பிலும் இருக்கட்டும்.

#16 மின்ட் ரமணி | மே 20

நிலா அக்கா, அன்றைக்கு நான் 24 கிலோவை யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஆல்ப்ஸ் அண்ணா சொன்னபடியே செய்யுங்கள். என் மகனுடைய பழைய ஸ்கின் ஒரு ஜோடி சும்மா இருக்கிறது. மின்ட் பேருந்து நிலையம் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். வெட்டுகிற கத்தியும் தருகிறேன்.

#17 பெரம்பூர் நிலா | டிசம்பர் 27

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னியுங்கள். அண்ணன் நேற்று இரவு வந்தார்.

மகளின் கால் 21.1. பருவ வாடகையில் 21.5 பூட். ஷெல்லில் என் ஒரு விரலும் கொஞ்சமும் போகிறது. பைண்டிங்கைக் கடையிலேயே அவள் எடை, உயரம், வயது சொல்லி, அந்த பூட்டை வைத்துச் சரிசெய்திருக்கிறார்கள், ஒன்றரை. எடை இப்போது 26. அடாப்டரை இன்று காலையிலிருந்து ஹாலில் மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறோம். பதினேழாவது முறை அவளே மாட்டினாள். ரமணி தம்பியின் ஸ்கின்னை வெட்டிவிட்டோம், ஓரத்தில் எஃகு தெரிகிறது.

என் பூட்டில் சுண்டுவிரல் பக்கம் பஞ்ச் செய்து வந்திருக்கிறது. பைண்டிங் மூன்றரையில் நிற்கிறது, சோதனைச் சீட்டும் கூடவே இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. அவள் பூட்டின் மேல் பக்கிளைத் திறந்துவிட்டு நடந்தால் நாக்கு ஒரு பக்கமாகச் சரிந்து போகிறது. வெல்க்ரோ பட்டையை மட்டும் தளர்வாகப் போட்டு நடக்கவிடலாமா, அல்லது பக்கிளையே கடைசித் துளையில் மாட்டிவிடட்டுமா?

#18 ஆல்ப்ஸ் ஓரம் | டிசம்பர் 27

வெல்க்ரோவைத் தளர்வாகப் போடுங்கள், பக்கிள் திறந்தே இருக்கட்டும். மேலே போனதும் நாக்கை நேராக இழுத்துவிட்டு, கீழ்ப் பக்கிளிலிருந்து ஒவ்வொன்றாக மேலே போட்டுக்கொண்டு வாருங்கள். லைனருக்குள் பனி போயிருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள், என் பிள்ளைகளுக்குக் கால் குளிர்ந்ததெல்லாம் அப்படித்தான்.